குலுங்காத மாத்திரை டப்பா

எச்.ஐ.வி.க்குத் தரும் ஏ.ஆர்.டி. மாத்திரை வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவில் வரும். டப்பாவுக்கு 30 மாத்திரை. பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தால் கிலுகிலுவென்று சத்தம் போடும். அந்தச் சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று டப்பாவுக்குள் பஞ்சைத் திணித்து வைக்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். லேபிளை நகத்தால் சுரண்டி எடுத்துவிடுவார்கள். கடலூரில் மாத்திரை வாங்கிக்கொண்டு குறிஞ்சிப்பாடி, வடலூர் வழியாக நெய்வேலிக்குத் திரும்பும் பஸ்ஸில், பக்கத்து சீட் காலியாக இருந்தாலும் பையை அதில் வைக்க மாட்டார்கள். மடியில்தான் இருக்கும்.

மருந்து, பரிசோதனை, சாப்பாடு எல்லாம் முந்தைய அத்தியாயங்களில் பார்த்தாயிற்று. இந்த அத்தியாயம் அந்தப் பஞ்சைப் பற்றியது. எச்.ஐ.வி.யோடு வாழும் ஒரு பிள்ளைக்குத் துணை நிற்கும் ஆயா, சித்தி, மாமா, வகுப்பாசிரியர், விடுதிக் காப்பாளர், நம்பிக்கை மைய ஆலோசகர் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். இதில் வரும் பையன் தனி ஒருவன் அல்ல. யாரையும் அடையாளம் காட்டக் கூடாது என்பதற்காகப் பல பிள்ளைகளின் கதையைச் சேர்த்து ஒருவனாக்கியிருக்கிறேன்.

வைரஸை அடக்க இன்று நல்ல மருந்து இருக்கிறது. நம் நாட்டில் முதல் தொற்றுகளை 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் கண்டுபிடித்தபோது கையில் மருந்தே இல்லை. 2004 ஏப்ரலில் அரசு இலவசமாக ஏ.ஆர்.டி. தரத் தொடங்கியது. முதலில் தொடங்கிய மையங்களில் தாம்பரம் சானடோரியம் மருத்துவமனையும் ஒன்று. அன்றைக்குக் கைக்குழந்தையாக இருந்து மருந்தால் பிழைத்தவர்கள் இன்று இருபது வயதைத் தாண்டிவிட்டார்கள். பெரும்பாலோருக்கு இப்போது ஒரு நாளைக்கு ஒரே ஒரு மாத்திரை. அதற்குள் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் என்று மூன்று மருந்து. உடம்பு இந்த அளவுக்குத் தேறிவிட்டது. ஆனால் யாரிடமும் சொல்ல முடியாத ஒன்றை ஆறு வயதிலிருந்தோ பதினாறு வயதிலிருந்தோ தனியாகச் சுமந்து வரும் மனசுக்கு மாத்திரை கிடையாது. அதற்கு ஆள்தான் வேண்டும். நிறையப் பேர் வேண்டாம், ஒருவர் போதும். அந்த ஒருவரை அந்தப் பிள்ளையே தேர்ந்தெடுக்க வேண்டும். நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான்.

வட்டத்துக்குள் ஒரு ரகசியம்

வட்டம் வட்டமாகப் பிரிந்த நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒருவரைப் புதிதாகப் பார்த்தால் கேட்கும் முதல் கேள்வி, "எந்த வட்டம்?" அடுத்தது, "அப்பா மைன்ஸா, தெர்மலா?" இரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டால் மூன்றாவது கேள்விக்குள் உறவோ நட்போ எப்படியும் தட்டுப்பட்டுவிடும். ஒரே வட்டத்து அம்மாக்கள் மெயின் பஜாரில் பார்த்துக்கொள்வார்கள், அப்பாக்கள் ஒரே ஷிஃப்ட்டில் போவார்கள், பிள்ளைகள் ஒரே பள்ளியில் படிப்பார்கள். ஜூலையில் வட்டம் 11 லிக்னைட் ஹாலில் புத்தகக் கண்காட்சி என்றால் ஊரே அங்கே இருக்கும். சுரங்கத்துக்காகவே எழுந்த ஊர் இது, பாதுகாப்பான ஊர். நல்லது கெட்டது எதற்கும் நான்கு பேர் ஓடி வருவார்கள். அதே நான்கு பேர்தான் இந்தப் பிள்ளைகளுக்குப் பயம்.

அதனால் வீட்டுக்குப் பக்கத்தில் பரிசோதனை வசதி இருந்தாலும் கடலூருக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் போகிறார்கள். இதைப் பார்த்து, "இங்கேயே இருக்கும்போது எதுக்கு அலையணும்?" என்று கேட்காதீர்கள். தூரம் அவர்களுக்கு ஒரு போர்வை. ஆனால் அந்தப் போர்வைக்கு விலை உண்டு: பஸ் காசு, ஒரு நாள் வகுப்பு, ஒப்பந்த வேலை பார்க்கும் அப்பாவுக்கு ஒரு நாள் கூலி. நிலையாக இருப்பவர்களுக்கு ஒரே தடவையில் இரண்டு மூன்று மாத மருந்து தருவதுண்டு. அதை ஏ.ஆர்.டி. மையத்தில் கேட்டு வாங்கிக் கொடுங்கள். அது மனநல உதவியா என்று தோன்றலாம். மாதாமாதம் ஒரு பொய் சொல்லிவிட்டு பஸ் ஏறுகிறவனுக்கு இரண்டு பொய் மிச்சமாவது பெரிய உதவி.

பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு தாளில் மூன்று பட்டியல் போடுங்கள். இப்போது யாருக்குத் தெரியும்; யாருக்குத் தெரிந்தால் பரவாயில்லை என்று தோன்றுகிறது; யாருக்கு ஒருநாளும் தெரியக் கூடாது. நடுப்பட்டியலில் ஒரு பெயர் விழ மூன்று நான்கு சந்திப்பு ஆகலாம். அவசரப்படுத்தாதீர்கள், நீங்களாக ஒரு பெயரை எடுத்துக் கொடுக்காதீர்கள். முடிந்ததும் அந்தத் தாளை அவன் கண் முன்னாலேயே சுக்குநூறாகக் கிழித்துப் போடுங்கள். நீங்கள் சொல்கிற எந்த உறுதிமொழியையும்விட அந்தச் சத்தம் அவனுக்குப் புரியும்.

நான் சொன்ன பையன் 17 வயது, மந்தாரக்குப்பத்தில் ஆயாவோடு இருக்கிறான். ஆயா, பெரிய மாமாவின் பெயரைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். மாமாதான் ஃபீஸ் கட்டுகிறார், அவருக்குத் தெரிய வேண்டாமா? நியாயமாகத்தான் தெரியும். ஆனால் அவன் எழுதியது கிரிக்கெட் ஆடும் நண்பனுடைய அக்காவின் பெயரை. அவர் நர்சிங் படிக்கிறார், ஒரு முறை அவன் கையில் அடிபட்டபோது உறை இல்லாமலே ரத்தத்தைத் துடைக்க வந்தார். இவன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். "என்னாச்சுடா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் பஞ்சை அவனிடமே நீட்டினார். துருவிக் கேட்காத அந்த ஒரு நிமிஷத்தை அவன் இரண்டு வருஷம் ஞாபகம் வைத்திருந்தான்.

சொல்வது எப்படி

பிறக்கும்போதே தொற்று வந்த பிள்ளைகளிடம் வீட்டார் சொல்லி வைத்திருப்பது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று: சத்து மாத்திரை, டி.பி. மாத்திரை, நெஞ்சுச்சளிக்கு மாத்திரை. சுவரில் மாலை போட்ட அப்பாவின் படம் இருக்கும். எப்படி இறந்தார் என்று கேட்டால் மஞ்சக்காமாலை என்பார்கள். பிள்ளைக்குத் தன் தொற்று தெரிய வரும் அன்று அந்தப் படத்தின் கதையும் மாறிவிடுகிறது. அப்பா இன்னொரு முறை இறக்கிறார். அம்மா உயிரோடு இருந்தால், "உனக்குத் தெரிஞ்சும் ஏன் சொல்லல?" என்ற கோபம் அவர் மேல் விழும். உயிரோடு இல்லையென்றால் அந்தக் கோபத்துக்குப் போக இடமில்லை, உள்ளேயே சுற்றும். சொல்வது என்பது ஒரு சேதி சொல்வது மட்டுமே என்று நினைப்பவர்கள் இந்தத் துக்கத்தைக் கவனிப்பதில்லை. அதனால்தான் இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி எழுதுகிறேன்.

உலக சுகாதார நிறுவனம் 2011-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், பள்ளி செல்லும் வயதிலேயே பிள்ளைக்குப் படிப்படியாகச் சொல்லிவிட வேண்டும் என்கிறது. ஆறேழு வயதில் இவ்வளவு போதும்: "உன் ரத்தத்துல ஒரு கிருமி இருக்கு. இந்த மாத்திரை அதைத் தூங்க வைக்குது. நிறுத்தினா எழுந்துக்கும்." பத்து வயதில், கிருமிக்குப் பெயர் உண்டு என்று சொல்லலாம். பன்னிரண்டுக்குள் அந்தப் பெயரையே சொல்லிவிட வேண்டும். அதற்கு மேல் தள்ளிப்போட்டால் பள்ளிப் பாடப்புத்தகமோ செல்போனோ முந்திக்கொள்ளும். பயமுறுத்தும் படங்களோடு சொல்லும்.

பரீட்சைக்கு முந்தின நாளோ, பொங்கலுக்கு எல்லோரும் கூடியிருக்கும்போதோ, ஏ.ஆர்.டி. மையத்து வராந்தாவில் டோக்கனுக்குக் காத்திருக்கும்போதோ சொல்லாதீர்கள். அடுத்த ஒரு வாரம் நீங்கள் கூட இருக்கக்கூடிய நாளாகப் பாருங்கள். நைட் ஷிஃப்ட் வாரம் வேண்டாம். சொல்லி முடித்ததும், "என்ன புரிஞ்சுது, எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். பிள்ளைகள் கேட்கும் கேள்விகள் அநேகமாக மூன்று. நான் செத்துப்போயிடுவேனா? அம்மா அப்பா தப்புப் பண்ணாங்களா? எனக்குக் கல்யாணம் ஆகுமா?

முதல் கேள்விக்கு, மாத்திரையைத் தவறாமல் போட்டால் மற்றவர்களைப் போல முழு ஆயுசு வாழலாம் என்று சொல்லுங்கள். அது ஆறுதலுக்காகச் சொல்லும் பொய் இல்லை. இரண்டாவதற்கு, அது ஒரு கிருமி, யார் என்ன செய்தார்கள் என்று கணக்குப் பார்த்து வருவதில்லை. மூன்றாவதைப் பெரியவர்களே வெட்கப்பட்டு விழுங்கிவிடுகிறார்கள். விழுங்காதீர்கள். வைரல் லோடு சோதனையில் கண்டறிய முடியாத அளவுக்கு வைரஸ் குறைந்திருப்பவரிடமிருந்து உடலுறவு வழியாகத் துணைக்குத் தொற்றுவதில்லை. அவர்களுக்குத் தொற்றில்லாத குழந்தையும் பிறக்கும். இந்த இரண்டு வாக்கியத்தையும் 15 வயதில் ஒரு பெரியவர் வாயால் கேட்டிருந்தால் எத்தனையோ இரவுகள் தூங்கியிருப்பார்கள்.

சாத்தூர் சொல்வது

2018 டிசம்பரில் தமிழ்நாடு முழுக்கப் பேசப்பட்ட விஷயம், சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது. அந்த அம்மாவுக்கு இழைக்கப்பட்ட அநீதியைப் பற்றி நிறைய எழுதியாயிற்று, எழுத வேண்டியதும்கூட. ரத்தம் கொடுத்த பையனைப் பற்றித்தான் குறைவாகவே பேசினார்கள். அவருக்கு 19 வயது. ஒரு உறவினருக்காகச் சிவகாசி ரத்த வங்கியில் ரத்தம் கொடுத்தவர். 2016-ல் அவர் கொடுத்த ரத்தத்திலேயே தொற்று தெரிந்திருந்தது, ஆனால் அந்தச் சேதி அவரிடம் போய்ச் சேரவில்லை. வெளிநாட்டு வேலைக்காக எடுத்த பரிசோதனையில்தான் தெரிந்துகொண்டார். தெரிந்ததும் அவர் செய்த வேலை, மருத்துவமனைக்குத் தானாகப் போய்த் தகவல் சொன்னது. என் ரத்தத்தை யாருக்கும் ஏற்றிவிடாதீர்கள் என்ற அக்கறை. அதற்குள் ஏற்றியாகிவிட்டது. செய்தி வெளியானது. அந்த மாதக் கடைசியில் தற்கொலைக்கு முயன்று, டிசம்பர் 30 அன்று மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் இறந்துபோனார்.

ஒரு சாவுக்கு ஒரே காரணம் இருப்பதில்லை. ஆனாலும் துணை நிற்பவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இருக்கிறது. ஒரே மாதத்துக்குள் அந்தப் பையன் தலையில் எத்தனை இறங்கியது என்று எண்ணிப் பாருங்கள்: தொற்று, கைவிட்டுப்போன வேலை, இன்னொரு உயிருக்குத் தன்னால் கெடுதல் என்ற எண்ணம், ஊர் வாய், டி.வி. சோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை தர வேண்டும் என்பது சட்டம். அந்த ஆலோசனை ஒரு கையெழுத்துக்காக அல்ல, இப்படிப்பட்ட நாட்களுக்காக. புதிதாகத் தெரிந்துகொண்ட இளைஞரை முதல் மாதம் தனியாக விடாதீர்கள். முதல் வாரம் தினம் ஒரு போன், அடுத்த மூன்று வாரம் வாரத்துக்கு இரண்டு நேர்ச் சந்திப்பு. பெரிதாகப் பேச ஒன்றும் வேண்டாம். டீ குடித்துவிட்டு வந்தால் போதும்.

மாத்திரை நிற்கும்போது

பதின்ம வயதில் மனசு கலங்கினால் முதலில் தெரிவது முகத்தில் இல்லை, டப்பாவில். மாதக் கடைசியில் எட்டு மாத்திரை மிச்சமிருக்கும். அல்லது எல்லாம் தீர்ந்திருக்கும், ஆனால் வைரல் லோடு ஏறியிருக்கும், எங்கோ கொட்டியிருக்கிறான். வீட்டில் திட்டு விழும்: "கவர்ன்மென்ட் சும்மா குடுக்குது, அதைப் போட்டுக்க வலிக்குதா?" வலிக்கத்தான் செய்கிறது. தினம் ஒரு தடவை, நீ மற்றவர்களைப் போல இல்லை என்று அந்த மாத்திரை அவனுக்கு ஞாபகப்படுத்துகிறது.

"மாத்திரை போட்டியா?" என்று கேட்டால் "ம்" என்றுதான் பதில் வரும். அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள். "இந்த வாரம் எத்தனை நாள் விட்டுப்போச்சு?" என்று கேளுங்கள். விட்டுப்போவது சகஜம் என்பது கேள்விக்குள்ளேயே இருக்கிறது. உண்மையைச் சொல்ல அவனுக்கு ஒரு வாசல் கிடைக்கிறது. மூன்று நாள் என்றால், அந்த மூன்று நாளும் என்ன நடந்தது என்று கேளுங்கள். நண்பன் வீட்டில் தங்கினான். சித்தி தட்டைத் தனியாக வைத்தார். ஒரு பெண்ணைப் பிடித்திருந்தது. இதில் ஏதாவது ஒன்று இருக்கும். பேச வேண்டியது அதைப் பற்றித்தான், மாத்திரையைப் பற்றி அல்ல.

மருந்தாலும் சிலருக்கு மனசு மாறும். பழைய எஃபாவிரென்ஸ் மருந்தில் தலைசுற்றலும் விசித்திரக் கனவும் மனச்சோர்வும் வந்தன. இப்போதைய டோலுடெக்ராவிர் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. காலையில் போட்டுக்கொள்ளலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். நீங்களாக நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம்.

ரொம்ப யோசிக்கிறான்

ஜிம்பாப்வேயில் மனச்சோர்வைக் குறிக்க ஷோனா மொழியில் ஒரு சொல் இருக்கிறது, குஃபுங்கிசிசா. அளவுக்கு மீறி யோசிப்பது என்று பொருள். நம் வீடுகளிலும் அதே பேச்சுத்தான்: "எப்பப் பாரு யோசனையாவே இருக்கான்." அந்த நாட்டு மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006-ல் ஊர்ப் பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையத்துக்கு வெளியே மரபெஞ்சில் உட்கார வைத்தார். வருகிறவர்கள் மனசு விட்டுப் பேசுவார்கள். பாட்டி அதில் ஒரே ஒரு பிரச்சினையை எடுத்துக்கொண்டு, இந்த வாரம் அதற்கு என்ன செய்யலாம் என்று கேட்பார். பலன் இருந்தது ஆய்வில் தெரிந்தது. அதே நாட்டில் ஸ்வாண்டிரி என்ற அமைப்பு, எச்.ஐ.வி.யோடு வாழும் இளைஞர்களுக்கே பயிற்சி தந்து மற்ற பிள்ளைகளின் வீட்டுக்கு அனுப்புகிறது. இதையெல்லாம் தூரத்திலிருந்து கடன் வாங்க வேண்டியதில்லை. நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யா பெரியசாமி தன் தொற்றை வெளிப்படையாகச் சொல்லி, 1998-ல் சென்னையில் பாசிட்டிவ் பெண்களுக்கான அமைப்பைத் தொடங்கியவர். பாதிக்கப்பட்டவர் பக்கத்தில் பாதிக்கப்பட்டவர் உட்காரும்போது வருகிற தெம்பை நம் ஊரும் கண்டிருக்கிறது. உங்கள் ஏ.ஆர்.டி. மையத்தில் பாசிட்டிவ் நபர்கள் சங்கத்தோடு தொடர்பு உண்டா என்று கேளுங்கள். அங்கே இளைஞர்கள் கூடும் நாள் இருந்தால் பஸ் காசு கொடுத்து அனுப்புங்கள்.

யோசனை எப்போது நோயாகிறது? இரண்டு வாரத்துக்கு மேலாக, அநேகமாக எல்லா நாளும், மனசு பாரமாக இருக்கிறதா? பிடித்த விஷயத்தில்கூட நாட்டம் போய்விட்டதா? இந்த இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். ஏ.ஆர்.டி. டாக்டரிடம் சொன்னாலே மனநலப் பிரிவுக்கு அனுப்புவார். மன நோய்க்கு மருந்து எழுதினால், ஏ.ஆர்.டி. போடுவதையும் அங்கே சொல்லியாக வேண்டும். தலைவலி, வயிற்றுவலி என்று அடிக்கடி லீவு போடும் பிள்ளையையும், திடீரென்று டாஸ்மாக் பக்கம் போகத் தொடங்கிய பிள்ளையையும் இதே கணக்கில் பாருங்கள்.

சாகும் எண்ணம் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் சுற்றி வளைக்காதீர்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்க ஒருவர் இருக்கிறார் என்பதுதான் தெரியும். ஆம் என்றால் அன்றிரவு தனியாக விடாதீர்கள். வயலுக்கு அடிக்கும் மருந்து வீட்டில் இருந்தால் அப்போதே அப்புறப்படுத்துங்கள். மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 இலவசம், இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். எச்.ஐ.வி. பற்றிய கேள்விக்கு 1097. பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்து, வீட்டிலேயே கொடுமை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

வேலையும் வீடு மாறுவதும்

அப்ரண்டிஸ் பயிற்சியோ நிரந்தர வேலையோ எதிர்பார்க்கும் பிள்ளைகளைப் பிடித்தாட்டும் பயம் மெடிக்கல் டெஸ்ட். எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-ல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. வேலைக்கோ படிப்புக்கோ எச்.ஐ.வி. சோதனையை நிபந்தனையாக வைக்கக் கூடாது, சம்மதமில்லாமல் சோதிக்கவும் கூடாது, ஒருவருடைய தொற்றை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்லவும் கூடாது என்கிறது அது. இதைப் பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு முறை வாசியுங்கள். ஆனால் வளைகுடா நாடுகள் பலவற்றில் வேலை விசாவுக்கு இந்தச் சோதனை உண்டு, நம் சட்டம் அங்கே செல்லாது. ஏஜெண்டிடம் பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் பேசிவிட வேண்டும். லேப் வாசலில் தெரிந்துகொள்ளும்படி விடக் கூடாது.

டவுன்ஷிப்புக்கே உரிய இன்னொன்றும் உண்டு. அப்பா ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி பண்ண வேண்டும். பெரும்பாலும் பிள்ளைக்கு இருபதை ஒட்டிய வயதில்தான் அது வரும். பிறந்து வளர்ந்த வட்டம், வேப்பமரம், நண்பர்கள் எல்லாம் ஒரே லாரியோடு போய்விடும். தெரிந்த அந்த ஒருவரும் இங்கேயே தங்கிவிடுவார். வீடு மாறுகிற சாக்கில் மாத்திரை நின்றுபோன பிள்ளைகள் உண்டு. காலி செய்வதற்கு இரண்டு மாதம் முன்பே ஏ.ஆர்.டி. மையத்தில் சொல்லி இடமாற்றக் கடிதம் வாங்குங்கள். புது மையத்தின் ஆலோசகரிடம் பழைய ஆலோசகரை போனில் பேசச் சொல்லுங்கள். பிள்ளை அங்கே முதல் நாள் போகும்போது பெயர் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும். சாமான் ஏற்றும்போது மாத்திரைப் பை லாரியில் போகாமல் அவன் கையோடு போகட்டும். போய்ச் சேர்ந்த அன்று ராத்திரி, அவன் தாளில் எழுதிய அந்த அக்கா போன் பண்ணி டப்பாவில் எத்தனை மிச்சம் இருக்கிறது என்று கேட்கட்டும்.